சாமி முன்னால் வைத்த அச்சு

பினாங்குத் தீவின் வெல்ட் கீயிலிருந்து அக்கரைப் பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெர்ரியில் நான் எப்போதும் இடது பக்கம்தான் நிற்பேன். கன்டெய்னர் கப்பல்கள் அந்தப் பக்கம்தான் தெரியும். அப்பா பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். அதனால் கப்பல் பார்ப்பது எனக்கு அடுத்த வீட்டு வாசலைப் பார்ப்பது மாதிரி. யார் வந்திருக்கிறார்கள், யார் கிளம்பிவிட்டார்கள் என்று ஒரு நோட்டம் விட்டால்தான் பொழுது விடிந்ததாகத் தோன்றும். போன வருஷம் புரட்டாசியில் மட்டும் அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. நடு பெஞ்சில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி போவேன். அந்தக் கப்பல்களில் ஏதோ ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒருத்தியின் பிழைப்பு பெட்டியில் போட்டு ஆணியடித்து வந்துகொண்டிருந்தது. அதை வாங்கி ஓட்டப்போகிறவள் நான்.

புக்கிட் தெங்காவில் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் தொழிற்சாலையில் நான் லைன் லீடர். ஒயர் முனையில் சின்ன உலோகக் கொக்கியை வைத்து அழுத்திப் பொருத்துவது எங்கள் வேலை. அழுத்துகிற பிரஸ்ஸின் உயிர் அதன் அச்சில் இருக்கிறது. செங்கல் அளவு எஃகுக் கட்டி. ஃபாக்டரியில் ‘டை’ என்போம். அதைக் கழற்றிவிட்டால் பிரஸ் வெறும் பழைய இரும்பு, பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்.

அந்த வேலையை எங்களுக்குப் பழக்கிக் கொடுக்க, கோவிட்டுக்கு முன்னால், அமெரிக்காவிலிருந்து ஒருத்தி வந்தாள். எஞ்சினியர் வருவார், கோட்டு போட்டிருப்பார் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்க, வந்தவள் எங்களைப் போலவே லைனில் நின்று முட்டி தேய்ந்தவள். என்னைவிட மூத்தவள். முதல் நாள் ‘மேடம்’ என்று கூப்பிட்டோம். அப்படிக் கூப்பிட்டால் யாரோ மேலதிகாரி பின்னால் நிற்கிறார் என்று பயந்து திரும்பிப் பார்ப்பதாகச் சொன்னாள். மறுநாளே அக்கா ஆகிவிட்டாள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அமெரிக்காவில் தனக்குத் தங்கையே கிடையாது என்று சந்தோஷப்பட்டாள்.

தன் அச்சைக் கூடவே கொண்டுவந்திருந்தாள். அதைத் தூக்குகிற கைப்பிடியின் விளிம்பு கையை அறுக்கும். அதற்காகப் பழைய ஜீன்ஸ் துணியைக் கிழித்துச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் நாங்களும் எங்கள் கைப்பிடிகளில் துணி சுற்றக் கற்றுக்கொண்டோம். என்னுடையதில் ஒரு பழைய பாத்தேக் கைலியின் துண்டு.

மத்தியானச் சாப்பாட்டில் அவளை எங்கள் மேசையில்தான் உட்காரவைப்போம். ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் உன் வேலை என்ன ஆகும் என்று. என் இங்கிலீஷ் ஃபாக்டரி இங்கிலீஷ், ஆனால் அவளுக்குப் புரிந்தது. ரசத்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னாள், “இது கூடுதல் லைன்தான், பயப்படாதே என்று சொல்லியிருக்கிறார்கள்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பயம் என்பது எனக்குத் தூரத்திலேயே வாசனை தெரியும். பிறந்ததிலிருந்து கூடவே வளர்ந்த சனியன் அது.

அவளுடைய தாத்தா கதையை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். மிச்சிகனில் ஒரு கார் தொழிற்சாலை. நல்ல குளிர்காலம். தொழிலாளர்கள் சங்கம் வைக்கத் தொடங்கியிருந்த சமயம். ஒருநாள் ஃபாக்டரியின் பின்பக்கம் ரயில் பெட்டிகளில் எதையோ ஏற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஏற்றிக்கொண்டிருந்தது அச்சுகளை. சங்கம் பலமாக இல்லாத வேறு ஊருக்கு அவற்றை அனுப்பிவிட்டால், இங்கே இவர்கள் எவ்வளவு கத்தினாலும் வேலை அங்கே நடந்துவிடும். தாத்தாவுக்கும் கூட இருந்தவர்களுக்கும் அது உறைத்தது. வெளியே போய்க் கொடி பிடித்தால் உள்ளே வேறு ஆளை வைத்து ஓட்டுவார்கள். அதனால் அவர்கள் வெளியே போகவில்லை. மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தவர்கள் வாரக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. பெண்கள் வெளியிலிருந்து ஜன்னல் வழியாகச் சாப்பாடு கொடுத்தார்கள். கம்பெனி சூடேற்றும் எந்திரத்தை நிறுத்திப் பார்த்தது. போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டது. உள்ளே இருந்தவர்கள் கார்க் கதவின் கீல்களை எடுத்து எறிந்தார்கள், குழாயைத் திருப்பி அந்தக் குளிரில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கடைசியில் கம்பெனி இறங்கிவந்தது.

“ஜன்னல் வழியாக என்ன கொடுத்தார்கள்?” என்று கேட்டேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பாட்டி கொடுத்தது பீன்ஸ் சூப் என்றாள். தாத்தா அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்கப் பீன்ஸ் சாப்பிடவில்லையாம்.

இப்படி நிறைய வைத்திருந்தாள். மாசசூசெட்ஸில் துணி ஆலைப் பெண்கள், ஆளுக்கொரு பாஷை பேசுகிறவர்கள், கூலியைக் குறைத்ததும் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்த கதை. வேலைநிறுத்தம் நீண்டு பட்டினி வந்ததும், பிள்ளைகளை ரயிலேற்றி வேறு ஊரில் முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குச் சாப்பிட அனுப்பினார்களாம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகளை அப்படி ரயிலேற்றுவேனா? யோசிக்கவே முடியவில்லை. அப்பா இருந்திருந்தால் ஏற்றியிருப்பார் என்று மட்டும் தோன்றியது.

நான் பதிலுக்குச் சொன்ன ஒரே கதை மே தினம். எட்டு மணி நேர வேலை கேட்டுச் சிக்காகோவில் ஊர்வலம் போனதும், குண்டு வெடித்ததும், தலைவர்களைத் தூக்கில் போட்டதும் அப்பா வருஷா வருஷம் சொல்வார். அவளுக்கு ஆச்சரியம். மே முதல் தேதி அமெரிக்காவில் விடுமுறையே கிடையாதாம். செப்டம்பரில் ஒருநாள் தொழிலாளர் தினம் என்று விடுவார்களாம், அன்று எல்லோரும் கறி சுட்டுச் சாப்பிடுவார்களாம். “எங்கள் ஊர்ச் சாவுக்கு நீங்கள் திதி கொடுக்கிறீர்களா!” என்கிற மாதிரி ஏதோ சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் இருந்தபோதுதான் அந்த வருஷத்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஃபாக்டரியில் அது மானேஜரும் நாங்களும் பேசி முடித்த ஒரு ஏற்பாடு. சாமி முன்னால் வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரை அதற்கு ஓய்வு. ஆனால் ஒருநாள் முழுக்க எல்லா மெஷினையும் நிறுத்த அமெரிக்கக் கம்பெனிக்குப் பைத்தியமா? அதனால் அவரவர் கத்தரிக்கோல், திருப்புளி, குறடு இவற்றோடு, ஓடாத ஒரு பழைய பிரஸ்ஸின் அச்சை மட்டும் எல்லா மெஷினுக்கும் பிரதிநிதியாகச் சாமி முன்னால் வைப்போம். மற்றவற்றுக்குப் பொட்டு மட்டும். எதை வைப்பது என்று சொல்வது லைன் லீடராகிய என் பொறுப்பு. இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். ஊதுவத்திப் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள், “அப்படியென்றால் இன்றைக்கு அதை யாரும் தொட முடியாதா? முதலாளி வந்தாலும்?” ஆமாம் என்றேன். “என் தாத்தாவுக்கு இந்தச் சாமியைத் தெரிந்திருந்தால் கண்ணீர்ப்புகை வாங்கியிருக்க வேண்டாம்” என்றாள்.

ஊருக்குப் போகும்போது அச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது அவளுக்குக் கை மாதிரி. அதற்கப்புறம் தீபாவளிக்கு அவளும் கிறிஸ்துமஸுக்கு நானும் போனில் வாழ்த்து அனுப்பிக்கொள்வோம். அவ்வளவுதான்.

போன வருஷம் அவள் ஃபேஸ்புக்கில் ஒரு படம் போட்டாள். ஃபாக்டரி வாசலில், குளிர்க் கோட்டில், கையில் அட்டை பிடித்து நிற்கிறாள். கூட நிறையப் பேர். புது ஒப்பந்தத்தில் பாதி லைன்களை மூடலாம் என்று கம்பெனி போட்டிருக்கிறது, அதனால் வேலைநிறுத்தம். லைக் போடலாமா என்று விரல் போனது, திரும்பிவந்தது. போடவில்லை.

அதே வாரம் எங்களைக் கேன்டீனில் கூட்டினார்கள். எங்கள் எச்.ஆர். ஒரு தமிழ்ப் பெண், என் மகள் வயசு இருக்கும். மலாய், இங்கிலீஷ், தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசினாள். அவசர ஆர்டர் வந்திருக்கிறது, அமெரிக்காவிலிருந்து டை வருகிறது, ஓவர்டைம் உண்டு. கடைசியில் தமிழில் தனியாக எங்கள் பக்கம் திரும்பி, “அக்கா எல்லாம், அமெரிக்கா விஷயத்தப் பத்தி ஃபேஸ்புக்ல ஒண்ணும் போடாதீங்கலா. ப்ளீஸ். அப்புறம் நமக்குத்தான் சூசா” என்றாள். சூசா என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் தொல்லை, வாலில் ஒட்டுகிற ‘லா’ வெறும் இழுவை. அந்தப் பிள்ளையின் முகத்திலும் பயம்தான் இருந்தது.

கருங்காலி. அந்தச் சொல் அப்போதிருந்து என் காதைவிட்டுப் போகவில்லை. அப்பாவின் இளவயதில் துறைமுகத்தில் ஒரு தடவை வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். அப்போது ஒரு ஆள் மட்டும் பின்பக்கமாக உள்ளே போய் மூட்டை தூக்கியிருக்கிறார். எங்கள் தெருக்காரர், நல்ல மனுஷர், எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு மொய் வைத்தவர். அப்பா அதற்குப் பிறகு அவரோடு ஒரே கடையில் தேத்தண்ணி குடித்ததில்லை. அவர் கடைக்குள் வந்தால் அப்பா எழுந்துவிடுவார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அந்த மாமாவுக்கு ஏதோ ஒட்டுவார்ஒட்டி நோய் என்று நான் நினைத்திருந்தேன்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. மருத்துவம் ஓடுவது என் கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டில்.

“நீ என்ன அமெரிக்கா பிரசிடென்ட்டா? குடுத்த வேலையச் செஞ்சிட்டு வாலா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அந்த வெள்ளக்காரப் பொம்பளதானே, இங்க வந்து இடியாப்பத்துக்குச் சட்னி கேட்டுச்சே? பாவம்” என்றார்.

கணக்கு எளிதாகத்தான் இருந்தது. அந்த அச்சு இங்கே ஓடினால் அவள் வேலை போகும். ஓடாவிட்டால் என் வேலை போகும். வேலை போனால் கார்டு போகும். இதில் நான் நல்லவளாக இருப்பதற்கு இடமே இல்லை.

மரப்பெட்டிகள் சரியாக நவராத்திரி சமயத்தில் வந்து இறங்கின. ஸ்டோர்காரர் கடப்பாரை போட்டுப் பலகையைப் பெயர்த்தார். வைக்கோல் மாதிரி நறுக்கிய காகிதத்துக்குள் எண்ணெய் பூசிய அச்சுகள் வரிசையாக இருந்தன. யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அவளுடையதாக மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே குனிந்தேன். மூன்றாவது பெட்டியில் அந்த ஜீன்ஸ் துணி. நீலம் வெளுத்து, அவள் கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் கறுத்துப்போய், பல்லால் கடித்த அதே முடிச்சோடு. நான் தொடவில்லை. ஸ்டோர்காரரிடம் கழிவறைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

முதல் லாட் சரக்கு போக வேண்டிய நாள் ஆயுத பூஜை அன்றே வந்து சேர்ந்தது. சாயங்காலம் பாயான் லெப்பாசிலிருந்து விமானத்தில் ஏற வேண்டும். மானேஜர் அதைப் பற்றி ஒளித்துப் பேசவில்லை. “இந்த லாட் போய்ச் சேர்ந்தால் போதும், அங்கே வாசலில் நிற்கிறவர்கள் தானாக உள்ளே வந்துவிடுவார்கள் என்று மேலே சொல்கிறார்கள்” என்றார். அவர் பினாங்குச் சீனர். எங்களோடு மலாயில்தான் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஃபாக்டரி வாசலில் காவல் தெய்வமான டத்தோ சாமிக்கு ஒரு சின்னச் சிவப்புக் கோயில் இருக்கிறது. காலையில் ஊதுவத்தி ஏற்றாமல் அவர் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.

வழக்கப்படி ஏற்பாடு ஆயிற்று. அமெரிக்க அக்காவுடைய அச்சுதான் அந்த லாட்டுக்கு வேண்டியது. பிரஸ்ஸில் மாட்டுவதற்காக மேசை மேல் துடைத்து வைத்திருந்தது. சாமி முன்னால் வைக்க எங்கள் பழைய அச்சை நான் எடுத்துவைத்துவிட்டு, சுண்டல் பாத்திரத்தைக் கொண்டுவர கேன்டீனுக்குப் போனேன்.

லைனில் அப்போது புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி. கெப்பாலா பத்தாஸிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், கான்ட்ராக்ட் ஆள். பக்தி அதிகம். புதிதாக வந்த கருவிக்கு முதல் பூஜை போடாமல் ஓட்டக்கூடாது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது அவளுக்கே அது தெரிந்திருக்கிறது. நம் ஆட்கள் யாருக்குத்தான் தெரியாது? புதுக் காரையே எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஓட்டமாட்டோம். நான் திரும்பி வந்தபோது அமெரிக்க அக்காவுடைய அச்சு சரஸ்வதி படத்தின் முன்னால், வெள்ளித் தாம்பாளத்தின் நடுவில் இருந்தது. சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, ஜீன்ஸ் துணியின் மேல் சாமந்திச் சரம் சுற்றி. அதைச் சுற்றி எங்கள் கத்தரிக்கோல்களும் குறடுகளும் குழந்தைகள் மாதிரி படுத்திருந்தன. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வருஷத்தில் அந்த அரைமணி நேரம் மட்டும் போன் வைத்திருக்கலாம். அந்தப் பெண் படம் வேறு எடுத்துக்கொண்டிருந்தாள்.

சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கத்தத்தான் திறந்தேன். கற்பூரத் தட்டு என் முன்னால் வந்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மானேஜர் வந்தார். மேசையைப் பார்த்தார், பிரஸ்ஸைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“யார் வைத்தது?”

கெப்பாலா பத்தாஸ் பெண் வெலவெலத்துப் போனாள். இந்த மாதம் அவளுக்குக் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“நான்தான்” என்றேன்.

அவர் என்னிடம் வந்து, தணிந்த குரலில், “காக், சாயங்காலம் விமானம். எடுத்து மாட்டுங்கள்” என்றார். காக் என்றால் அக்கா. நான் அசையவில்லை. “உங்கள் சாமிக்கு அவசரம் என்று சொன்னால் விடாதா? முன்பு ஒருதடவை விட்டதே.”

உண்மைதான். முன்பு ஒரு வருஷம் யாரோ திருப்புளியை அவசரத்துக்குக் கேட்டபோது, நான்தான் இன்னொரு கற்பூரம் ஏற்றி, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். சாமி ஒன்றும் செய்யவில்லை. அதே மாதிரி இப்போதும் ஒரு கற்பூரம் போதும். டப்பா என் பக்கத்திலேயே இருந்தது. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சரி என்றால் சரி. எனக்குக் கணவரின் விழுந்த கை ஞாபகம் வந்தது. அப்பா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவது ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாகச் சூப் கொடுத்த, நான் பார்த்தே இராத அந்தப் பாட்டி ஞாபகம் வந்தது.

“தா போலே, போஸ்” என்றேன். முடியாது முதலாளி என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவரிடம் நான் சொன்னதேயில்லை. சொன்ன உடனே திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அவர் தாம்பாளத்தின் முன்னால் போய் நின்றார். கையை நீட்டினால் எடுத்துவிடலாம். யாரும் தடுக்கப்போவதில்லை. படத்தில் இருந்த சரஸ்வதியைப் பார்த்தார். கற்பூரம் அணையும் நிலையில் இருந்தது. டத்தோவுக்குத் தினம் ஊதுவத்தி ஏற்றுகிற கை, சாமி முன்னால் இருக்கிற பொருளின் மேல் அவ்வளவு சுலபமாகப் போகாது. பிறகு தானறியாமல் இரண்டு கையையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்குக் காலையில் எத்தனை மணிக்கு எடுப்பீர்கள்?”

“ஷிஃப்ட் தொடங்கியதும்.”

“பூஜை முடிந்ததும் எச்.ஆரைப் போய்ப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எச்.ஆர். பெண் என்னை உட்காரச் சொன்னாள். விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். “வேணும்னு செஞ்சீங்களாக்கா?” என்று கேட்டாள். எதை, பூஜையையா என்று திருப்பிக் கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். நான் சுவரில் இருந்த தீயணைப்பு வரைபடத்தைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் ஃபெர்ரியில் திரும்பும்போது தீவுப் பக்கம் ஒரு விமானம் மேலே ஏறியது. எங்கள் லாட் இல்லாமல் போகிற விமானம் அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. சந்தோஷப்படலாமா என்று பார்த்தேன். பயம்தான் வந்தது. கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மருந்தை எடுத்துக் கொடுக்கும்போது மாத்திரை அட்டையில் இன்னும் எத்தனை மிச்சம் என்று தடவிப் பார்த்தேன்.

மறுநாள் விஜயதசமி. எதைத் தொடங்கினாலும் வெற்றி என்கிற நாள். குளித்துவிட்டுப் போய், கற்பூரம் காட்டி, நானே அமெரிக்க அக்காவுடைய அச்சை எடுத்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. சாமந்தியை மட்டும் எடுத்துவிட்டு, ஜீன்ஸ் துணியைப் பிடித்துத் தூக்கி, பிரஸ்ஸில் மாட்டினேன். மானேஜர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லியிருக்கலாம், எனக்கு மனசு வரவில்லை. நானே உட்கார்ந்து ஓட்டினேன். நன்றாக ஓடியது. அவள் எவ்வளவு கருத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒவ்வொரு அழுத்தலிலும் தெரிந்தது. ஒரு பிசிறு இல்லை.

ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தபோது அவளிடமிருந்து செய்தி வந்திருந்தது. காலையில், நாங்கள் மறுபூஜை போட்ட நேரத்துக்கு வந்தது. அவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம். கெப்பாலா பத்தாஸ் பெண் எச்.ஆர். சொன்னதை மறந்து பூஜைப் படத்தைப் போட்டிருக்கிறாள், எங்கள் எல்லோரையும் டேக் பண்ணி. அக்கா பார்த்திருக்கிறாள். துணியை அடையாளம் தெரிந்திருக்கிறது. பூஜையில் வைத்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லிக் கொடுத்ததும் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. என் அச்சை யாரும் தொட முடியாத இடத்தில் உட்காரவைத்துவிட்டாய், இங்கே வாசலில் எல்லோருக்கும் படத்தைக் காட்டினேன், கை தட்டினார்கள், தாத்தா இருந்திருந்தால் அழுதிருப்பார் என்று எழுதியிருந்தாள். அவர்கள் கை தட்டிய நேரத்தில் நான் அதைத் தூக்கிக்கொண்டிருந்தேன். லாக்கர் கதவைச் சாத்திவிட்டு, அதில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அழுதேன்.

ஒருநாள் ஓய்வு முடிந்துவிட்டது, இப்போது ஓடுகிறது என்று அவளுக்கு உள்ளதை எழுதினேன். எழுதி அனுப்ப ரொம்ப நேரம் பிடித்தது. அவள் உடனே பதில் போட்டாள். தெரியும், எங்களுக்கும் ஒருநாள்தான் வேண்டியிருந்தது, அந்த ஒருநாளில் உள்ளே வேலைக்குப் போக இருந்தவர்கள் சிலர் போகாமல் நின்றுவிட்டார்கள் என்றாள். உண்மையா, என்னைத் தேற்றுவதற்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேலைநிறுத்தம் பிறகும் சில வாரம் நீடித்துச் சமாதானத்தில் முடிந்தது. கம்பெனி சில லைன்களை மூடவில்லை. அவளுடைய லைனை மூடியது. இப்போது ஒரு மளிகைக் கடையில் காலை நேரம் பெட்டி அடுக்குகிறாளாம். எனக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்து விட்டுவிட்டார்கள். கெப்பாலா பத்தாஸ் பெண்ணுக்குக் கான்ட்ராக்ட் நீட்டித்தார்கள். அவள் எனக்கு ஒரு டப்பா அதிரசம் கொண்டுவந்து கொடுத்தாள். வருஷம் ஓடியது. ஃபெர்ரியில் நான் மறுபடி இடது பக்கம் நிற்க ஆரம்பித்தேன்.

போன வாரம் எச்.ஆர். பெண் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். எந்தப் படத்துக்கு லைக் போட்டேன், யாரிடம் என்ன பேசினேன் என்று யோசித்துக்கொண்டே போனேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“அக்கா, பாஸ்போர்ட் இருக்கா?”

வியட்நாமில் புதிதாக ஒரு ஃபாக்டரி திறந்திருக்கிறார்களாம். அங்கே இருக்கிற பெண்களுக்குப் பழக்கிக் கொடுக்க அனுபவமுள்ள ஆள் வேண்டுமாம். சில வாரம்தான், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் கம்பெனி. என் டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் கேட்கப்போவது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. கேட்டேன்.

“அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டா, நம்ம லைன்?”

“ஐயோ, கூடுதல் லைன்தான்கா அது” என்றாள். “பயப்படாதீங்க.”

பாவம், அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்ததை அவள் சொன்னாள்.

சாயங்காலம் ஃபெர்ரியில் அமெரிக்காவுக்கு ஒரே வரி அனுப்பினேன். பாஸ்போர்ட் கேட்கிறார்கள் என்று. அங்கே இன்னும் விடிந்திருக்காது. ஆனால் மளிகைக் கடை வேலைக்குச் சீக்கிரம் எழுந்திருப்பாள் போல, ஃபெர்ரி துறையில் இடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. போய்வா, ஒழுங்காகச் சொல்லிக் கொடு, அவர்களும் நம்மைப் போலத்தான், மத்தியானம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு, தாத்தா கதையைச் சொல்லு என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி. அந்த ஊரில் கருவிக்கு ஓய்வு கொடுக்கிற சாமி யாராவது உண்டா?

எனக்குத் தெரியாது. போய்த்தான் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் பழைய துணி மூட்டையைப் பிரித்து, கைப்பிடியில் சுற்ற நல்ல துணியாக நாலைந்து கிழித்து வைத்தேன். என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசித் துணியைக் கிழிக்கும்போது ஒரு முனையைத் தன் வலது கையால் பிடித்துக் கொடுத்தார்.